நூலகராலும் நீட்டிக்க இயலாது

நாவல்வயல் கிளை நூலகத்தில் இணையக் கணினிக்கு மேலே, சுவரில் ஒன்பது விதிகள் தொங்கும். லேமினேஷன் செய்து, நாலு மூலையிலும் ஆணி அடித்து, சாமி படம் மாதிரி நேராக மாட்டியது. மேலிடத்து உத்தரவு என்றுதான் ஊரில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். உண்மையில் ஒன்பதையும் உட்கார்ந்து யோசித்து எழுதியது நூலகர் கார்த்திகா. எழுதியதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

பெருமைப்படாமல் என்ன செய்வாள்? கணினி வந்த புதிதில் அவள் பட்ட பாடு கொஞ்சமா? வந்தது இரண்டு. ஒன்று மூன்றாம் மாதமே படுத்துவிட்டது, இன்றுவரை எழுந்திருக்கவில்லை. மிச்சம் இருந்த ஒன்றுக்கு ஊரே அடித்துக்கொண்டது. முன்னாள் கவுன்சிலரின் மச்சினன் காலையில் வந்து உட்கார்ந்தால் ஜல்லிக்கட்டு வீடியோவாகப் பார்த்துவிட்டு மத்தியானச் சோற்றுக்குத்தான் எழுந்திருப்பான். பரீட்சைக்குப் படிக்கிற பெண்கள் பின்னால் கால் மாற்றி நிற்பார்கள். எழுந்திருக்கச் சொன்னால், "இன்னும் அஞ்சு நிமிசம் டீச்சர்" என்பான். கார்த்திகாவுக்கு யாரையும் எதிர்த்துப் பேச வராது. கேட்டால் கொடுத்துவிடுகிற மனசு. அந்த மனசை வைத்துக்கொண்டு ஒரு டீக்கடைகூட நடத்த முடியாது.

அதனால்தான் கணினி பழுதுபார்க்க வருகிற செந்தமிழனிடம் சொல்லி அதற்கு ஒரு பூட்டுப் போட வைத்தாள். உறுப்பினர் அட்டையின் எண்ணையும் நாலு இலக்க ரகசிய எண்ணையும் தட்டினால்தான் திறக்கும். ஓர் அட்டைக்கு ஒரு நாளைக்கு நாற்பது நிமிடம். நாற்பது முடிந்த நொடியில் திரை இருண்டுவிடும். அதுவரை செய்த வேலையெல்லாம் அழிந்து, அடுத்த ஆளுக்காகப் புதிதாகத் திறக்கும். நேரத்தைக் கூட்டிக்கொடுக்க ஒரு கடவுச்சொல் உண்டு.

"அதை ஒரு பேப்பர்ல எழுதித் தந்துறவா மேடம்?" என்று செந்தமிழன் கேட்டான்.

"வேண்டாம் தம்பி. எனக்குத் தெரிஞ்சா கேப்பாங்க. கேட்டா நான் குடுத்துருவேன். எனக்கே தெரியாம இருக்கட்டும்."

அப்படிப் பிறந்ததுதான் ஏழாவது விதி. 'நேரம் முடிந்ததும் கணினி தானாக அணையும். நூலகராலும் நீட்டிக்க இயலாது.' கடைசி வாக்கியத்தைச் சிவப்பு எழுத்தில் அடிக்கச் சொல்லியிருந்தாள். கவுன்சிலர் மச்சினன் ஒருநாள் வந்து கத்தினான். அவள் சுவரைக் காட்டினாள். அவன் படித்தான், முனகினான், போய்விட்டான். இத்தனை வருஷ வேலையில் அவள் முதல்முதலாக ஜெயித்தது அன்றைக்குத்தான்.

இரண்டாவது விதி மட்டும் ஊரில் யார் மண்டையிலும் ஏறவில்லை. அட்டையை அதற்கு உரியவர் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்பது விதி. ரேஷன் கார்டு மாதிரி வீட்டுக்கு ஒரு நூலக அட்டை என்பது நாவல்வயலின் எண்ணம். ரேஷன் கார்டு இருக்கிற பிளாஸ்டிக் கவரிலேயே இதையும் செருகி ஆணியில் மாட்டிவிடுவார்கள். ரகசிய எண் மறந்துபோகுமே என்று அட்டையின் முதுகிலேயே பேனாவால் எழுதிவைப்பார்கள். கடைத்தெருப் பக்கம் யார் வருகிறார்களோ அவர்கள் கையில் அட்டை வரும். வீட்டு ஆள் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டு ஆள். கார்த்திகா சளைக்காமல் திருப்பி அனுப்பிக்கொண்டிருப்பாள்.

அந்தச் சனிக்கிழமை காலையில் அவள் திருப்பி அனுப்பவில்லை.

புதன்கிழமை கடலுக்குப் போன மூன்று விசைப்படகுகளை, எல்லை தாண்டியதாகச் சொல்லி அக்கரைக் கடற்படைக்காரர்கள் பிடித்துப் போய்விட்டார்கள். ஜெகதாப்பட்டினத்திலிருந்து கட்டுமாவடி வரைக்கும் கடையடைப்பு. பஸ் ஓடவில்லை. சாலையில் மறியல். டீக்கடை, ஜெராக்ஸ் கடை, ஊரில் இருந்த ஒரே பிரவுசிங் சென்டர் எல்லாம் ஷட்டர் இறக்கியிருந்தன. வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு வார விடுமுறை. சனிக்கிழமையும் மூடினால் மேலே பதில் சொல்ல வேண்டும் என்று கார்த்திகா உள்ரோடு வழியாக ஸ்கூட்டியில் வந்து கதவைத் திறந்தாள்.

திறந்ததும் முத்துமாரியம்மாள் வந்து நின்றாள். கருவாடு காயப்போடுகிற அம்மா. மகன் அய்யப்பன் பிடிபட்ட படகு ஒன்றில் போனவன். படகை முட்டியதில் ஒரு பையன் தண்ணீரில் விழுந்துவிட்டான் என்று ராத்திரி முழுக்க ஊரில் ஒரு பேச்சு. யார் அந்தப் பையன் என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை.

"போன்ல வந்த போட்டாவுல மொகமெல்லாம் கடுகு மாதிரி இருக்கு டீச்சரம்மா. ஒங்க பெரிய பொட்டியில காட்டுங்க. எம்புள்ள அதுல இருக்கானான்னு மட்டும் பாத்துக்கிறேன்" என்று அட்டையை நீட்டினாள்.

அட்டையில் ரஞ்சிதாவின் பெயர் இருந்தது.

"இது ஒங்க அட்டை இல்லையேம்மா."

"பக்கத்து வீடுதான டீச்சரம்மா. ரஞ்சிதா ஏதோ சர்ட்டிபிகேட் வாங்கணும்னு விடியக்காலமே போயிருச்சு. அது ஆத்தாதான் ஆணியில இருந்து எடுத்துக் குடுத்துச்சு. நம்பரு பின்னாடி இருக்காம்ல."

கார்த்திகா இரண்டாவது விதியைப் பார்த்தாள். அட்டையைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். பெற்றவளிடம் போய் எந்த விதியை வாசித்துக் காட்டுவது? கார்த்திகாவே எண்ணைத் தட்டித் திறந்தாள். ஒரு செய்தித் தளத்தில் அந்தப் படம் இருந்தது. படகுத்துறையில் பதினோரு பேர் வரிசையாகக் குத்தவைத்திருந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பெரிதாக்கிக் கொண்டே வந்தாள். ஐந்தாவது முகத்தில் முத்துமாரியம்மாள் அவள் தோளை இறுக்கிப் பிடித்தாள்.

"இவன்தான். உசுரோட இருக்கான். எம்புள்ள உசுரோட இருக்கான் தாயி."

அதற்குப் பிறகு அந்த அம்மா எழுந்திருக்கவே இல்லை. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு திரையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். வேறு யாரும் காத்திருக்கவில்லை, கார்த்திகாவும் எழுந்திருக்கச் சொல்லவில்லை. நேரம் முடிந்து திரை இருண்டபோதுதான் அந்த அம்மா திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தாள். கணினியைப் பயன்படுத்துகிறவர் பெயரும் நேரமும் எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்பது ஒன்பதாவது விதி. கார்த்திகா பதிவேட்டில் 'ரஞ்சிதா, 9.10 முதல் 9.50' என்று தன் கையாலேயே எழுதினாள். நல்ல காரியம் செய்தோம் என்ற நினைப்பு மத்தியானச் சாப்பாடு வரைக்கும் அவளோடு இருந்தது. யாரும் தண்ணீரில் விழவில்லை, அது வெறும் பேச்சு என்று அதற்குள் சேதியும் வந்துவிட்டது.

சாயங்காலம் நாலு மணிக்கு நூலகத்தைத் திறக்க வந்தபோது படியில் ரஞ்சிதா உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் புழுதி. மடியில் ஒரு ஃபைல், அதை ஒரு கை அணைத்திருந்தது.

ரஞ்சிதாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பத்து மூன்று வயது. பகலில் இறால் கம்பெனியில் தோல் உரிப்பாள், சாயங்காலம் நூலகத்துக்கு வருவாள். ஆறு வருஷமாக ஃபேனுக்கு நேர் கீழே இருக்கிற அதே நாற்காலி. கைநாற்றம் பக்கத்தில் இருப்பவருக்கு அடிக்கக்கூடாது என்று எலுமிச்சை தேய்த்துக் கழுவிவிட்டு வருகிறவள். நாலு முறை அரசு வேலைக்குப் பரீட்சை எழுதி, இந்த முறைதான் தேறியிருந்தாள். இளநிலை உதவியாளர் வேலை. சான்றிதழ்களையெல்லாம் இணையத்தில் ஏற்றிவிட்டால் அடுத்தது கலந்தாய்வுதான். அதற்குக் கடைசி நாள் இன்று, கடைசி நேரம் மாலை ஐந்தே முக்கால். விட்டால் தேறியது தேறாததுதான். அடுத்த பரீட்சைக்குள் அவளுக்கு வயது வரம்பு தாண்டிவிடும்.

"தமிழ் மீடியத்துல படிச்சதுக்கான சான்று மட்டும் பாக்கி இருந்துச்சு மேடம்" என்று மூச்சு வாங்கச் சொன்னாள். "ஹெட்மாஸ்டர் லீவுல போயிட்டாரு. ரப்பர் ஸ்டாம்பையும் பையில போட்டு வீட்டுக்கே கொண்டு போயிட்டாரு. ஆவுடையார்கோவிலுக்கு அங்கிட்டு ஒரு கிராமம். தேடிப் புடிச்சு வாங்கிட்டேன். பஸ் இல்ல, பாதித் தூரம் நடந்தே வாரேன். எல்லாத்தையும் ஒரே தடவையில ஏத்தணுமாம், போன்ல அந்தப் பக்கம் தொறக்க மாட்டேங்குது."

"வா வா, நேரமிருக்கு. அட்டை?"

"வீட்டுக்கே போகல மேடம், நேரா இங்கிட்டுதான் வாரேன். நம்பர் மனப்பாடம்."

அட்டை என்றதும்தான் கார்த்திகாவுக்குக் காலையில் அதைத் தானே திறந்துகொடுத்தது உறைத்தது. அதுவரை காலைச் சங்கதி நினைவிலேயே இல்லை. ரஞ்சிதா எண்களைச் சொல்லச் சொல்ல விரல்கள் தாமாகத் தட்டின. திரையில் வந்தது: 'இந்த அட்டைக்கு இன்றைய நேரம் முடிந்தது. நாளை வருக.'

"நான் இன்னைக்கு வரவே இல்லையே மேடம்!"

அப்போதே சொல்லியிருக்கலாம். காலையில் முத்துமாரியம்மாள் உன் அட்டையைக் கொண்டுவந்தாள், நான்தான் திறந்துவிட்டேன் என்று ஒரே மூச்சில் சொல்லியிருக்கலாம். ஆனால் இந்த ஊரில் ஒன்பது விதியையும் மதித்த ஒரே ஆள் இந்தப் பெண். நாற்பதாவது நிமிடத்துக்கு ஒரு நிமிடம் முன்னாலேயே எழுந்து அடுத்தவருக்கு நாற்காலியை இழுத்துப் போடுகிறவள். அவள் முகத்துக்கு நேரே, விதியை எழுதின நானே மீறிவிட்டேன் என்று சொல்லக் கார்த்திகாவுக்குக் கூச்சமாக இருந்தது. வெட்கம் கெட்ட கூச்சம். வாயில் வேறு வார்த்தை வந்துவிட்டது.

"சிஸ்டம் ஏதோ மக்கர் பண்ணுது. செந்தமிழனுக்குப் போன் போட்டா ரெண்டு நிமிசத்துல சரி பண்ணிருவாரு. நீ உக்காரு."

ரஞ்சிதா நம்பி உட்கார்ந்தாள். ஆறு வருஷமாக நம்பியவள், இன்றைக்கு மட்டும் ஏன் சந்தேகப்படப் போகிறாள்?

செந்தமிழன் மூன்றாவது முறை அடித்தபோதுதான் எடுத்தான். பின்னணியில் மேளச் சத்தம். பொன்னமராவதியில் தங்கச்சிக்கு வளைகாப்பாம். மாவட்டத்தின் அந்தக் கோடி. கார்த்திகா போனோடு வாசலுக்குப் போய், குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னாள்.

"கடவுச்சொல் எங்கிட்ட இல்லையே மேடம். ஆபீஸ் பீரோவுல கவர்ல போட்டு ஒட்டி வச்சிருக்கோம்."

"ஒரு வார்த்தைய ஞாபகம் வச்சிருக்கக் கூடாதா தம்பி?"

"பதினாறு எழுத்து மேடம். யாருக்கும் மனசுல நிக்காத மாதிரி வையின்னு நீங்கதான சொன்னீங்க?" அவனுக்கும் பாவமாக இருந்திருக்க வேண்டும். "இருங்க, ஆபீஸ் பக்கத்துல ஒரு ஃப்ரெண்ட் இருக்கான், போய்ப் பாக்கச் சொல்றேன்" என்றான்.

காத்திருந்தார்கள். பேப்பர் படிக்க வரும் இருளாண்டி ஐயாவைத் தவிர நூலகத்தில் வேறு யாரும் இல்லை. அவர் நாலு தரம் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "எங்கிட்டக்கூட ஒரு அட்டை கெடக்கே, அதுல ஆகாதா?" என்றார். அவர் கணினிப் பக்கமே வந்ததில்லை, ரகசிய எண் வாங்கியதுமில்லை. அதற்கு மேலிடத்து ஒப்புதல் வேண்டும், மூன்று நாளாகும். அது நாலாவது விதி. நூலகருக்கென்று தனி அட்டையும் கிடையாது. கார்த்திகா தலையை ஆட்டினாள், எதற்காக ஆட்டினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

நாலு முப்பத்தெட்டுக்குச் செந்தமிழன் கூப்பிட்டான். ஆபீஸ் பூட்டியிருக்கிறது, பீரோ சாவியை அவனுடைய முதலாளி ஊருக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாராம். திங்கட்கிழமைதான் வருவாராம்.

கார்த்திகா திரும்பி வந்து நின்றாள். ரஞ்சிதா அண்ணாந்து பார்த்தாள்.

"உன் அட்டை சரிப்படாது போல. வேற யாரு அட்டையாவது, நம்பரோட கெடைச்சா தொறந்துரலாம்."

"அதுல மட்டும் தொறக்குமா? சிஸ்டம் மக்கர்னீங்க?"

"தொறக்கும்."

ஏன் திறக்கும், அப்படியானால் தன்னுடையது மட்டும் ஏன் திறக்காது என்று கேட்க ரஞ்சிதாவுக்கு நேரமில்லை. ஃபைலை மேசையில் போட்டுவிட்டு ஓடினாள். ஊரே மறியலில் சாலையில் உட்கார்ந்திருந்தது. மறியலுக்கு யார் நூலக அட்டையோடு வருவார்கள்? அங்கே தேடி, கூடப் படிக்கிற சுடர்விழியைக் கண்டுபிடித்து, அவளை வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போய், அட்டையோடு திரும்பி வந்தபோது மணி ஐந்து. சேப்டி பின் கழன்று முந்தானை தோளில் நிற்கவில்லை. அவள் அதைக் கவனிக்கவும் இல்லை.

ஐந்து அடித்து ஒரு நிமிடத்தில் கணினி திறந்தது. திரையின் மூலையில் நாற்பது என்ற எண் தோன்றி, முப்பத்தொன்பது ஆனது.

கார்த்திகா ஸ்கேன் செய்தாள், ரஞ்சிதா ஏற்றினாள். ஏழு சான்றிதழ். பத்தாம் வகுப்பு ஏறியது. பன்னிரண்டு ஏறியது. சாதிச் சான்று இருமுறை திரும்பி வந்து மூன்றாவது முறை ஏறியது. நெட் நத்தையாக நகர்ந்தது. கடைசி நாள், ஊர் உலகமெல்லாம் அதே தளத்தில் முட்டிக்கொண்டிருந்திருக்கும். தமிழ்வழிச் சான்று அளவு பெரிது என்று வந்தது. கார்த்திகா அதைச் சின்னதாக்கி மறுபடி எடுத்தாள், எழுத்துத் தெரியவில்லை என்று மறுபடியும் எடுத்தாள். ஹெட்மாஸ்டர் முத்திரையை ஆசையாக அழுத்திக் குத்தியிருந்தார், மை பரவி அவர் கையெழுத்தையே மூடியிருந்தது. எரிச்சலில் கார்த்திகாவுக்கு அந்த மனுஷனைத் திட்ட வேண்டும் போல இருந்தது. திட்டுவதற்கு அவரைவிடத் தகுந்த ஆள் தானேதான் என்பதும் உடனே ஞாபகம் வந்தது.

ஏழாவதும் ஏறியபோது மூலையில் எண் இரண்டு. ரஞ்சிதா எல்லாவற்றையும் ஒருமுறை சரிபார்த்து, பெயரைப் படித்து, பிறந்த தேதியைப் படித்து, 'சமர்ப்பி' என்பதை அழுத்தினாள். திரை நடுவில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

எண் ஒன்று ஆனது.

"சுத்துது மேடம்."

"சுத்தட்டும், போயிரும்."

"மேடம், ஒரே ஒரு நிமிசம் கூட்டிக் குடுங்களேன்."

ஆறு வருஷத்தில் ரஞ்சிதா அவளிடம் கேட்ட முதல் சலுகை அதுதான். கவுன்சிலர் மச்சினனுக்குக் காட்டியது போல இவளுக்கும் சுவரைக் காட்டுவாளா? கார்த்திகா அந்த வட்டத்தையே பார்த்தாள். கரண்ட் போய், நேரக்கணக்கு நின்று, பிறகு எல்லாம் அப்படியே வந்தால் என்ன என்றுகூட நினைத்தாள். அப்படியெல்லாம் நடக்காது என்றும் தெரியும்.

திரை இருண்டது.

பிறகு பளிச்சென்று வெளுத்து, 'வணக்கம். உறுப்பினர் எண்ணை உள்ளிடவும்' என்று புதிதாகப் பேசியது.

ரஞ்சிதா தன் போனை எடுத்து மேசைமேல் வைத்தாள். விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருந்தால் குறுஞ்செய்தி வரும். ஐந்து நாற்பத்தொன்று. இருளாண்டி ஐயாவும் பேப்பரை மடக்கிவிட்டு வந்து நின்றார். மூன்று பேரும் அந்தப் போனையே பார்த்தார்கள். ஐந்து நாற்பத்து மூன்றுக்குப் போன் ஒருதரம் அதிர்ந்தது. ரஞ்சிதா பாய்ந்து எடுத்தாள். ரீசார்ஜ் முடியப் போகிறது என்று கம்பெனிக்காரன் அனுப்பியது. நாற்பத்தைந்து ஆனது. நாற்பத்தாறும் ஆனது.

ரஞ்சிதா அழவில்லை. சான்றிதழ்களை ஒவ்வொன்றாக அடுக்கி ஃபைலில் போட்டாள். தமிழ்வழிச் சான்றை மட்டும் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டுப் போட்டாள். அழுதிருந்தால் கார்த்திகாவுக்குக் கட்டிப்பிடித்து ஏதாவது சொல்லவாவது வழி இருந்திருக்கும்.

அந்த நேரம் பார்த்து வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. முத்துமாரியம்மாள் அட்டையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். முகம் கழுவித் திருநீறு பூசியிருந்தாள்.

"ரஞ்சிதா, இங்கதான் இருக்கியா தாயி! ஒன் வீட்டுக்குத்தான் போனேன். இந்தா ஒன் அட்டை. நீ மகராசியா இருக்கணும். காலையில இத வச்சுத்தான் எம்புள்ள மொகத்தப் பாத்தேன். டீச்சரம்மாதான் பெரிய மனசு பண்ணித் தொறந்து காமிச்சுச்சு."

ரஞ்சிதா அட்டையை வாங்கினாள். திருப்பிப் பார்த்தாள். பிறகு கார்த்திகாவைப் பார்த்தாள். கார்த்திகா ஒன்றும் மறைக்க முயலவில்லை. மறைக்க இனி என்ன இருக்கிறது? மேசைமேல் திறந்து கிடந்த பதிவேட்டில், காலை வரிசையில், ரஞ்சிதா என்று தான் எழுதியிருப்பது கார்த்திகாவின் கண்ணிலேயே பட்டது.

"நல்லாத் தெரிஞ்சுதா பெரியம்மா?" என்று ரஞ்சிதா முத்துமாரியம்மாளிடம் கேட்டாள்.

"தெரிஞ்சுது ஆத்தா. அடி கிடி படல. கொஞ்சம் எளச்சிருக்கான்."

"எம்புட்டு நேரம் பாத்தீங்க?"

"அது அணையிற வரைக்கும் பாத்தேன். கண்ணையே எடுக்கல. எப்ப விடுவாங்களோ, அதுவரைக்கும் அந்த மொகந்தான எனக்கு." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகுதான் மூவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்ன, எல்லாரும் ஒரு மாதிரி இருக்கீங்க?"

"ஒண்ணுமில்ல பெரியம்மா. வாங்க, சேந்தே போவோம்" என்றாள் ரஞ்சிதா.

போகுமுன் மேசைக்கு வந்தாள். ஒன்பதாவது விதிப்படி, சுடர்விழியின் பெயருக்கு நேரே வெளியேறும் நேரம் 5.41 என்று எழுதிக் கையெழுத்திட்டாள். காலை வரிசையை ஒருமுறை பார்த்துவிட்டுப் பேனாவை மூடி வைத்தாள். பிறகு முத்துமாரியம்மாளுக்குக் கேட்காதபடி மெல்லச் சொன்னாள்.

"காலையில நீங்க செஞ்சது தப்பில்ல மேடம். நானா இருந்தாலும் தொறந்துதான் விட்டிருப்பேன். நாலு மணிக்கு எங்கிட்டச் சொல்லியிருக்கலாம். அப்பவே ஓடியிருப்பேன்."

ரஞ்சிதா அந்த அம்மாவின் கையைப் பிடித்துப் படியில் இறக்கி, மறியல் கலைந்து வந்துகொண்டிருந்த கூட்டத்துக்குள் கூட்டிப் போனாள்.